லிப்ட்டய்யாவும் ஆந்தைக் கோட்டையும்

"என் உடம்புல உசிரு இருக்கிற வரைக்கும் அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று லிப்ட்டய்யா சபதம் போட்டபோது அவர் கையில் இருந்தது பல் துலக்கும் பிரஷ். சபதத்துக்கு ஏற்ற ஆயுதம் இல்லைதான். கோபம் வரும்போது கையில் இருப்பதைத்தானே ஆட்ட முடியும்.

'அவன்' என்பது அவருடைய மச்சான். மனைவிக்கு ஒரே தம்பி. வேலை மாற்றலாகித் தூர ஊருக்குப் போகிறான். போவதற்கு முன் ஒருவேளை, ஒரே ஒருவேளை, வீட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை.

"அடுத்த மாசம் இந்நேரம் அவன் எங்கயோ இருப்பான்" என்றாள் அவள்.

"எங்கயோ போய்ச் சேரட்டும். நான்தானே எங்கயும் போய்ச் சேராதவன்."

"அது தமாஷுக்குச் சொன்னது."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"தமாஷுன்னா சிரிக்கத்தான் செய்வாங்க."

"நீயும் சிரிச்ச."

"எனக்கு இருமல்."

"இருமலுக்குத் தோள் குலுங்குமா?"

"என் இருமலுக்குக் குலுங்கும்."

விஷயம் இதுதான். லிப்ட்டய்யா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவு உபசாரக் கூட்டத்தில் மச்சானையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் மைக்கைப் பிடித்து, "எங்க அத்தான் வாழ்நாள் முழுக்க மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருந்தார். ஆனா எங்கயும் போய்ச் சேரல" என்றான். மேனேஜர் சிரித்தார். டீ கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாலை போட வந்தவர் சிரித்த சிரிப்பில் மாலை பக்கத்து ஆள் கழுத்தில் விழுந்தது. அன்றைக்கு மூடிய கதவு இன்னும் திறக்கவில்லை.

சிலருக்குச் சேமிப்பு, சிலருக்குச் செடி கொடி. லிப்ட்டய்யாவுக்கு மனக்குறை. பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கடித்துத் திருப்பிக் கொடுத்தவன் முதல் எல்லாரும் அந்தக் கணக்கில் தப்பாமல் இருந்தார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதை நிறுத்தியவரும் அந்தக் கணக்கில் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு அவரால் உட்காரவே முடியவில்லை. கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து கூடம். எதையாவது திறப்பார். எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவார். அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கீழ்வீட்டுக்காரர் மாடியில் நாட்டிய வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்தார். அவரும் கணக்கில் சேர்ந்தார்.

இந்த நேரத்தில்தான் மகள் போன் பண்ணினாள். வேறு ஊரில், வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை.

"அப்பா, புதுசா ஒரு ஆட்டம் வந்திருக்கு. 'ஆந்தைக் கோட்டை'ன்னு பேரு. முழுக்க முழுக்கப் புதிர்தான். முதல் பகுதியை மட்டும் விட்டிருக்கோம். ஆடிப் பாத்தவங்க மனசுல பட்டத அங்கேயே எழுதணும். நீங்களும் அம்மாவும் ஆடுங்களேன்."

"குறை சொல்லலாமா?"

"அதுக்குத்தாம்பா கேக்குறோம்."

லிப்ட்டய்யா நாற்காலியில் உட்கார்ந்தார். குறை சொல்லச் சொல்லி அவரை யாரும் அதுவரை கெஞ்சியதில்லை.

மகள் இரண்டு பேர் போனிலும் ஆட்டத்தை இறக்க வழி சொன்னாள். மனைவி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "கண்ணு எரியுது. நமக்கு ஆகாது" என்று காய் நறுக்கப் போய்விட்டாள்.

"பொறுமை வேணும் அதுக்கு" என்றார், அதற்குள் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தவர்.

ஆட்டத்தில் பனிமூட்டம். பனிக்குள் ஒரு கோட்டை. கோட்டைக்குள் கதவு கதவாகப் போகிறது. முதல் கதவின் மேல் ஒரு கல் ஆந்தை. உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. அவருடைய பழைய சூப்பர்வைசர் அப்படித்தான் பார்ப்பார்.

ஆந்தை கேட்டது: "கொடுத்த பிறகும் கொடுத்தவனே காப்பாற்ற வேண்டியது எது?"

லிப்ட்டய்யா யோசிக்கவே இல்லை. 'லிப்ட்' என்று தட்டினார். ஆந்தை இல்லை என்று தலையை ஆட்டியது. 'பராமரிப்பு ஒப்பந்தம் போட்ட லிப்ட்' என்று தட்டினார். ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

அவர் எழுந்து இரண்டு சுற்று நடந்தார். பிறகு உட்கார்ந்து தன் முதல் கருத்தை எழுதினார்: 'ஆட்டம் மோசம். நான் சொன்ன பதில் சரி. ஆந்தைக்கு விஷயமும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை. பனி அதிகம். கதவு துடைக்கப்படவில்லை.'

மற்ற ஆட்டக்காரர்கள் அவர்மேல் வந்து விழுந்தார்கள். 'படம் அழகு, புதிர் கொஞ்சம் கடினம்' என்று ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட அவர் கருத்துக்குக் கீழே சிரித்துவைத்தார்கள். 'பெரியவர் லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டார் போல' என்றான் ஒருவன். கணக்கு ஏறிக்கொண்டே போனது. அப்போது 'தாழ்ப்பாள்' என்ற பெயரில் ஒரு பதில் வந்தது.

'ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. லிப்டையும் காப்பாற்றத்தான் வேண்டும். ஆந்தைக்கு அந்த அனுபவம் இல்லை. வாக்கு என்று போட்டுப் பாருங்கள்.'

போட்டார். கதவு திறந்தது. லிப்ட்டய்யா அந்தப் பதிலை இன்னொரு முறை படித்தார். 'ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது.' இந்த வாக்கியத்துக்காக அவர் இந்த வீட்டில் எத்தனை காலம் காத்திருந்தார்.

உள்ளே போனால் இரண்டு மேடைகள். ஒரே சங்கிலியில் தொங்கின. ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். தனி ஆளால் ஆகாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் வந்து கூட ஆட வேண்டும்.

'நான் கீழே நிற்கிறேன். நீங்கள் ஏறுங்கள் ஐயா' என்று எழுதியது தாழ்ப்பாள்.

வாழ்நாள் முழுக்க ஊரை ஏற்றிவிட்ட மனுஷனுக்காக முதல்முதலாக ஒருவர் கீழே நிற்கிறார்.

அதற்குப் பிறகு அவர் போக்கே மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் தாழ்ப்பாள், மத்தியானம் தாழ்ப்பாள். நடை மட்டும் நிற்கவில்லை. தாழ்ப்பாள் வராத நேரமெல்லாம் முன்னைவிட வேகமாக நடந்தார்.

"யாருங்க அது, பொழுதன்னைக்கும் அவரோடயே பேச்சு?" என்றாள் மனைவி.

"தங்கமான மனுஷன். நான் ஒண்ணு சொன்னா எதிர்த்து ஒண்ணு சொல்றதில்ல."

"அப்படியும் மனுஷங்க இருக்காங்களா?"

"வீட்டுக்கு வெளிய இருக்காங்க."

அவள் உள்ளே போனாள்.

புதிருக்கு நடுவே குடும்பக் கதையும் நடந்தது. லிப்ட்டய்யா தன் மச்சான் செய்த அவமானத்தைத் தட்டித் தட்டி எழுதினார். 'அப்படியா பேசினான்? வாய்க்கொழுப்பு' என்று பதில் வந்தது. குளிர்ந்துபோய், அடுத்ததையும் எழுதினார்: 'என் சம்சாரமும் சிரித்தாள். அதை இருமல் என்கிறாள்.'

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டில் எதிலும் உப்பு இல்லை. கேட்டபோது, "இருமல் இருக்குல்ல, உப்பு ஆகாது" என்றாள் மனைவி. அவருக்குப் புரியவில்லை. சாயங்காலம் தாழ்ப்பாள் ஒரு வரி எழுதியது. 'சிரித்ததை நினைத்து அவர் பிறகு வருத்தப்பட்டும் இருக்கலாம் ஐயா.' லிப்ட்டய்யா பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இப்படியே கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதுதான் முதல் பகுதியின் முடிவு. எங்கும் போய்ச் சேராதவர் என்று ஒருவன் சொன்ன மனுஷன் கடைசிக் கதவைத் திறந்தார் என்று கம்பெனியே பார்க்கும், மகள் பார்ப்பாள், அவள் சொல்லி மாமன்காரனுக்கும் தெரியும். லிப்ட்டய்யா மேடையில் ஏறினார். தாழ்ப்பாள் கீழே நின்றது. மேடை ஏறியது. பாதி வழியில் தாழ்ப்பாள் தன் மேடையை விட்டு இறங்கிக்கொண்டது. சங்கிலி நின்றது.

லிப்ட்டய்யா அந்தரத்தில் தொங்கினார். எத்தனையோ பேரை மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிப்டிலிருந்து மீட்டு, "பதறாதீங்க, மூச்ச இழுத்து விடுங்க" என்று சொன்னவர், இப்போது கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் பதறினார்.

'என்ன ஆயிற்று?' என்று தட்டினார்.

'ஒன்றுமில்லை ஐயா. வீட்டுச் சாப்பாடு ஒருவேளை சாப்பிட வேண்டும் என்று ஆசை. கேட்கக் கூச்சம்.'

'இவ்வளவுதானா? ஞாயிறு மத்தியானம் வாருங்கள், விலாசம் தருகிறேன். என் சம்சாரம் நன்றாகச் சமைப்பாள். பேச்சுதான் கொஞ்சம் அதிகம்.'

பதில் வந்தது: 'வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பார்த்ததும் உங்களுக்குப் பிடிக்காமல் போனால்?'

லிப்ட்டய்யா சிலிர்த்துக்கொண்டார். நேராகக் கருத்துப் பக்கத்துக்குப் போனார். எல்லா ஆட்டக்காரர்களும் பார்க்கிற இடத்தில் எழுதினார்: 'ஆட்டம் முன்னைவிடப் பரவாயில்லை. காரணம் நண்பர் தாழ்ப்பாள். ஞாயிறு மத்தியானம் என் வீட்டு வாசலில் மணி அடிக்கிறவர் யாராக இருந்தாலும், முகம் கோணாமல் வாங்க என்று கூப்பிட்டு, என் கையால் பரிமாறுவேன். இது என் வாக்கு. ஆந்தை சாட்சி.'

முன்பு சிரித்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். மகள் ஒரு பூ போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை விருந்தாளி" என்றார் மனைவியிடம். "நல்லா சமைக்கணும்."

"எத்தனை பேருக்கு?"

"ஒருத்தர்தான்."

"என்ன பிடிக்குமோ அவருக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"சரி, எனக்குத் தெரிஞ்சதச் செய்யுறேன்" என்றாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

சனிக்கிழமை முழுக்க அவர் நடந்தார். ஞாயிறு காலையும் நடந்தார். நல்ல சட்டையை எடுத்துப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். மணி அடித்தது. கதவைத் திறந்தார்.

வாசலில் மச்சான் நின்றான். கையில் பழப் பை. முகத்தில், கண்டக்டரிடம் சில்லறை இல்லாமல் மாட்டிக்கொண்டவன் களை.

லிப்ட்டய்யாவுக்குப் பொறி தட்டியது. இவனா? 'ஐயா' என்று எழுதியது இவனா? தன்னையே வாய்க்கொழுப்பு என்று திட்டிக்கொண்டு, கீழே நின்று நின்று அத்தானை ஏற்றிவிட்டதும் இவனா? கோபம் கிளம்பிப் பாதி வழிக்கு வந்தது. ஆனால் வாக்கு வெளியே போய்விட்டது. அதோடு, ஒருவன் இதைவிட எப்படி மன்னிப்புக் கேட்க முடியும் என்றும் தோன்றியது.

"வாங்க" என்றார். முகத்தைக் கோணாமல் வைத்திருக்க இரண்டு கன்னமும் வலித்தன.

மச்சான் பையைத் தவறவிடப் பார்த்தான். "நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னப்ப நான் நம்பவே இல்ல அத்தான். அன்னைக்கு மேடையில வாய் தவறி..."

"விடு, விடு. அதான் எழுதிட்டியே."

மச்சானுக்கு விளங்கவில்லை. விளங்காமலே உட்கார்ந்தான். லிப்ட்டய்யா தன் கையால் பரிமாறினார். ஆச்சரியம், எல்லாமே மச்சானுக்குப் பிடித்த பதார்த்தமாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் அவருக்கு மனம் இளகிவிட்டது.

"அந்தக் கடைசி மேடையில என்னை அந்தரத்துல தொங்க விட்டியே, அது மட்டும் நியாயமில்ல மச்சான்."

"எந்த மேடை அத்தான்?"

"கோட்டையில."

"எந்தக் கோட்டை?"

"நடிக்காத. தாழ்ப்பாள் நீதானே?"

மச்சான் எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்தான். "தாழ்ப்பாள் போட்டுத்தானே இருக்கு அத்தான்" என்று பயந்த குரலில் சொன்னான். "எனக்கு அந்தக் கோட்டையெல்லாம் தெரியாது. அக்காதான் போன் பண்ணி, அத்தான் கூப்பிடுறார் வாடான்னு சொன்னா."

கரண்டி லிப்ட்டய்யா கையிலேயே நின்றது. மெதுவாகத் திரும்பினார். ஆந்தையைப் போல, தலை மட்டும். அடுப்படி வாசலில் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?"

"நான்தான்."

"கண்ணு எரியுதுன்ன?"

"எரிஞ்சுது. பழகிடுச்சு."

"என்னை ஐயா, ஐயான்னியே?"

"கேக்க நல்லா இருந்துச்சில்ல?"

அவர் வாயைத் திறந்தார். நன்றாகத்தான் இருந்தது. மூடினார்.

"அவன் தட்டப் பாருங்க, காலியா இருக்கு" என்றாள் அவள். பிறகு போனை எடுத்தாள். "உங்க போனையும் எடுங்க. எவ்வளவு நேரம் அந்தரத்துல தொங்குவீங்க, பாவம்."

அவர் ஒரு கையால் பரிமாறிக்கொண்டே மறு கையால் போனை எடுத்தார். அவள் கீழ்மேடையில் ஏறி நின்றாள். அவர் மேடை மேலே போனது. கடைசிக் கதவு திறந்தது. பனி விலகியது. ஆந்தை சிறகை விரித்து, 'முதல் பகுதி நிறைவு. உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்றது.

"திறந்துட்டீங்களா அத்தான்!" என்று மச்சான் வாயில் சோற்றோடு எட்டிப் பார்த்தான். அந்த ஒரு கணம் லிப்ட்டய்யா எங்கோ போய்ச் சேர்ந்தவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு பேர் படிக்கிற மாதிரி ஒரு கருத்து எழுதக் கருத்துப் பக்கத்தைத் திறந்தார்.

அங்கே எல்லாருக்கும் மேலே, தாழ்ப்பாளின் கருத்து முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது: 'ஆட்டம் சுலபம். கூட ஆடுகிறவரை நகர்த்துவதுதான் சிரமம்.'