ஒரு கீறல் விழக் கூடாது

சுற்றிலும் தெர்மாகோல் வைத்து, அடியில் துண்டை விரித்து, நாயை நடுவில் இறக்கி, பெட்டியை சைக்கிள் கேரியரோடு சேர்த்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிய பிறகும் தானியேலுக்குத் திருப்தி வரவில்லை. பட்டையை இழுத்துப் பார்த்தான். பெட்டி அசையவில்லை. உள்ளே இருந்த சுவீட்டிதான் அசைந்தது.

சுவீட்டி ஒரு கிழட்டு வெள்ளைப் பொமரேனியன். மேனேஜர் வீட்டுச் செல்லம். தானியேல் அதே மேனேஜரின் காக்களூர் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். அவனுடைய மூத்த பெண் நான்காவது படிக்கிறாள்; அவன் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த காண்ட்ராக்டிலேயே இன்னும் இருக்கிறான். கண்ணாடிச் சாமானை டெல்லி வரை உடையாமல் போகும்படி கட்டுவான். ஆனால் கண்ணாடி மூச்சு விடாது, குரைக்காது.

"பத்திரம் தானியேல், ஒரு கீறல் விழக் கூடாது" என்றார் மேனேஜர், பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற மகளின் தலையைத் தடவியபடி. "கார்ல ஏத்தினா வாந்தி எடுக்கும். சைக்கிள்னா காத்தோட்டமா போகும். ஒரு ஊசி போடணும். மணவாள நகர் டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"நான் பாத்துக்கறேன் சார்."

"உன் பர்மனென்ட் விஷயம் என் மனசுலயே இருக்கு."

அது மூன்று கிறிஸ்துமஸாக அவர் மனசிலேயேதான் இருந்தது. இந்த மாசம் நாலு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கம்பெனியில் பேச்சு. காலையில் மனைவி ஹெலன் சொல்லித்தான் அனுப்பினாள்: "நாயோ நரியோ, இட்டுனு போய்ட்டு வா. இந்த தபா மட்டும் பர்மனென்ட் ஆவட்டும், வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்."

வராந்தாவில் காலி அட்டைப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. புதிதாக டிவி, ஏசி ஏதோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதில் ஒன்றைத்தான் கேட்டு எடுத்திருந்தான். மேனேஜர் சம்சாரம் நாயின் தட்டு, செயின், பாதி பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினாள். பெரிய இடத்து நாய், ஊசிக்குப் போனாலும் சீர்வரிசையோடுதான் போகும்.

தெருமுனை திரும்புவதற்குள் சுவீட்டிக்கு இரைத்தது. பயந்துபோய்ப் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டான். காற்று உள்ளே போனது, நாய் வெளியே வந்தது. முன்னங்கால்களை அவன் முதுகில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற தலைவர் மாதிரி நின்றது.

அதை உட்கார வைக்க ஒரு பிஸ்கட் கொடுத்தான். பிஸ்கட் வாசனைக்கு டீக்கடை வாசலில் படுத்திருந்த தெரு நாய்கள் எழுந்தன. தானியேல் மிதித்தான். அவையும் ஓடின. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது.

"யோவ்! பொட்டி வுழுது பாரு!" என்று டீக்கடையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

நாயைப் பிடித்துவிட்டான். பெட்டி ஷேர் ஆட்டோ சக்கரத்தில் அப்பளமாயிற்று.

அடுத்து, நாயைச் சட்டைக்குள் விட்டு, துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினான். நெஞ்சு முழுக்க நகம் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். சிக்னலில் ஒரு பூக்காரம்மா வழி மறித்தாள்.

"ஏம்பா, பச்சப் புள்ளய இப்டியா கட்டிகினு போவ? மூச்சு முட்டிடாது?"

"அம்மா, இது நாயிமா."

"பெத்த புள்ளய நாயிங்கறான் பாரு, பாவி!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டனைப் பிய்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. சுவீட்டி தலையை நீட்டி அவன் தாடையை நக்கியது.

"சொந்தப் புள்ளயக் கூட எவனும் இப்டி தூக்கினு போவ மாட்டான்" என்றாள் பூக்காரம்மா, இரங்கி.

அது தானியேலுக்குச் சுருக்கென்றது. போன மழையில் சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டபோது, இதே கேரியரில் வெறும் சாக்கைப் போட்டுத்தான் உட்கார வைத்துக் கொண்டு போனான். அன்றைக்குத் தெர்மாகோல் ஞாபகம் வரவில்லை.

பட்டன் போன சட்டை இனி எதையும் தாங்காது. கம்பெனி இத்தனை வருஷத்தில் அவனுக்குக் கொடுத்த ஒரே சொத்தான மஞ்சள் ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. அதைக் கவிழ்த்து முன்கூடையில் வைத்து, நாயை அதற்குள் உட்கார வைத்தான். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. சுவீட்டி கண்ணை மூடிக்கொண்டது. 'இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே' என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

பாலத்து இறக்கத்தில் பின்னால் வந்த தண்ணி லாரி ஹாரன் அடித்தது. நாய் கூடையிலிருந்து எகிறியது. பிரேக்கைப் பிடிப்பதா, நாயைப் பிடிப்பதா? தானியேல் பர்மனென்டைப் பிடித்தான்.

சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஜல்லி உரித்துவிட்டது. முன்சக்கரம் கோணிக்கொண்டது. அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. நாயின் காலைப் பார்த்தான், காதைப் பார்த்தான், வாலைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. நடுரோட்டில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேவிட்டான். சுவீட்டி அவன் கையில் வழிந்த ரத்தத்தை நக்கிக் கொடுத்தது.

மிச்ச தூரம் நடைதான். ஒரு கையால் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தோளில் நாயைச் சாத்திக்கொண்டு டாக்டர் வாசலில் போய் நின்றான். அங்கே வேலை செய்கிற ஈஸ்வரி எழுந்து வந்தாள்.

"காக்களூர் மேனேஜரு ஊட்டு நாய்தானே? இன்னாபா இவ்ளோ ரத்தம்?"

"அது என்னுதுமா. நாய்க்கு ஒண்ணும் ஆவல, நல்லா தடவிப் பாரு. சாரு போன் பண்ணா மறக்காம சொல்லு, தானியேலு பத்திரமா கொண்டாந்தான்னு. சீக்கிரம் ஊசிய போட்டுக் குடுமா, இருட்டறதுக்குள்ள திருப்பி கொண்டுபோய் உடணும்."

ஈஸ்வரி பையிலிருந்த தட்டைப் பார்த்தாள், செயினைப் பார்த்தாள், வாலாட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள்.

"திருப்பி எங்கபா கொண்டுனு போவ? சாருக்கு புனேக்கு மாத்தலாயி நாளைக்கு ஊட்டையே காலி பண்றாங்களே. கெழட்டு நாய இட்டுனு போவ முடியாதாம், வலிக்காம முடிச்சிடற ஊசி போடச் சொல்லிக்கீறாரு."