கோபக்கார மயிலும் லேபிள் அண்ணாச்சியும்

உலகத்தில் எல்லாக் கம்பெனியும் சரக்கைச் செய்துவிட்டுப் பேர் வைக்கும். பேரை வைத்துவிட்டுச் சரக்கைத் தேடிய ஒரே மனிதர் எங்கள் லேபிள் அண்ணாச்சிதான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆமத்தூர் தாண்டி சிவகாசி போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தேன். பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிளைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. சீசனுக்குச் சீசன் புது அயிட்டம் கொண்டுவருவது அண்ணாச்சியின் வேலை. இதற்கு எங்கள் பக்கத்தில் இரண்டு வழிகள் உண்டு. பக்கத்துக் கம்பெனிப் பெட்டியை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது ஒன்று. போன வருஷம் விற்காததைப் புதுப் பெட்டியில் போடுவது இன்னொன்று. இரண்டும் அண்ணாச்சிக்கு ஆகாது.

"வயித்துல இருக்கும்போதே பேர் வச்சுறணும் தம்பி. அப்பத்தான் புள்ளை பேருக்குத் தக்கன பொறக்கும்" என்பார்.

ஒரு தடவை 'கரண்டு வந்துருச்சு' என்று ஒரு பேரோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். டியூப்லைட்டுக்குக் கீழே பிள்ளைகள் குதிப்பதுபோல் லேபிள் வேண்டும். பற்ற வைத்ததும் வெடி அணைந்துபோக வேண்டும். கொஞ்சம் பொறுத்து ஒரேயடியாக வெளிச்சம் அடிக்க வேண்டும். அரை நாள் உட்கார்ந்து வரைந்தேன். போர்மேன் அதை வாங்கிப் பார்த்தார்.

"அணைஞ்சுருச்சுன்னு பய குனிஞ்சு பாப்பான். அப்பம் கரண்டு வரும். இது அயிட்டம் இல்ல அண்ணாச்சி, போலீஸ் கேசு."

அண்ணாச்சி அசரவில்லை. "அப்பம் பய குனியாம இருக்க ஒரு வழி பாருங்க" என்றார். இப்படிப் பேர் மட்டும் பிறந்து பிள்ளை பிறக்காத லேபிள்கள் என் கம்ப்யூட்டரில் மலிந்து கிடந்தன. இந்த மனிதர் என்றைக்குத்தான் தொலைவாரோ என்று நான் வாய்விட்டே சொல்வதுண்டு.

பிறகுதான் 'ஆடும் மயில்' வந்தது. தோகைபோல விரிகிற புஸ்வாணம். லேபிளில் பச்சைத் தோகை கண்ணைப் பறித்தது. சீசன் இல்லாத நேரம், பிரஸ் சும்மாதானே கிடக்கிறது என்று, சாம்பிள் வருமுன்பே ஒரு லோடு லேபிளை அடித்து இறக்கிவிட்டார் அண்ணாச்சி. பட்டாசில் பச்சை நிறம் தருவது பேரியம் என்கிற மருந்து. அதைப் போடக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்திருந்தது. மயில் மயக்கத்தில் அவருக்கு அது மறந்துபோயிற்று.

சாம்பிளைப் பற்ற வைத்தார்கள். தோகை அழகாகத்தான் விரிந்தது. முழுக்கச் சிவப்பு. வேலை முடிந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் வேனுக்குக் காத்திருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, சேவலு கொண்டையச் சிலுப்பிக்கிட்டு நிக்குது?"

முதலாளி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வியாபாரிக வாராக. மயிலுக்கு ஆர்டர் விழலைன்னா நீங்க குடோன் பக்கம் போயிருங்க அண்ணாச்சி. புது அயிட்டமும் வேண்டாம், புதுப் பேரும் வேண்டாம்."

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு டீகூட இறங்கவில்லை. பேச்சு நின்றுபோனது. ஆபீஸ் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வேலை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நாற்காலி போட்டு வியாபாரிகளை உட்கார வைத்தோம். மற்ற அயிட்டங்கள் எல்லாம் தேறின. கடைசியில் மயிலைப் பற்ற வைத்தார்கள். திருச்சி வியாபாரி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், மயிலைப் பார்த்தார்.

"என்னய்யா இது, பெட்டியில பச்சையா இருக்கு, இங்க செவப்பா நிக்குது?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"மயிலு கோவமா இருக்கு."

"அதுக்கு என்னய்யா கோவம்?" என்றார் திருச்சிக்காரர்.

"பேரியத்தை நிப்பாட்டி, அதுகிட்ட இருந்த பச்சையப் புடுங்கிட்டாகள்ல? ஒங்க வேட்டிய உருவுனா நீங்க சிரிச்சுக்கிட்டா நிப்பீக?"

அப்புறம் திருச்சிக்காரர் சிரித்தார் பாருங்கள், நாற்காலியே ஆடியது. பேரியத் தடையில் அடிபடாத வியாபாரி அங்கே ஒருவரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"கோவக்கார மயிலுன்னு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புங்கய்யா. எனக்கு ஒரு லோடு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. மற்றவர்களும் ஆர்டர் சொன்னார்கள்.

எல்லோரும் டிபனுக்குப் போனபோது அண்ணாச்சியைக் காணோம். தேடிப் போனேன். வேன் மறைவில் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சுட்டு இங்கன வந்து உக்காந்திருக்கீகளே அண்ணாச்சி?"

"வாய் தானாப் பேசிருச்சு தம்பி. இப்பத்தான் பயம் வருது. குடோனுக்கு அனுப்பியிருந்தா அங்கன போயி நான் என்னத்தச் செய்ய? எனக்கு இது ஒண்ணுதானே தெரியும்."

தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் டம்ளரில் பாதியைச் சிந்திவிட்டேன். அவர் குடோனுக்குப் போயிருந்தால், அந்த ஆபீசில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?