வால் வாத்தியாரின் கருந்துளை

"சார், வால் இல்லை," என்றார் கணினிக்காரர்.

"நல்லாப் பாருங்க."

"நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியருக்கு வால் வாத்தியார் என்று பெயர். இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகும்போது கிளம்பும் ஈர்ப்பலை, அடித்த மணி போல மெல்ல ஓய்ந்துவிடும் என்பது பழைய விதி. ஓய்ந்த பிறகும் ஒரு முனகல் வால் மாதிரி நீளும் என்பது இவருடைய புது விதி. உலகம் பழையதே போதும் என்று இருக்க, இவர் மட்டும் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். இப்போது கருவியில் புதிதாகச் சிக்கியிருக்கும் அலையிலும் அது தென்படாவிட்டால் அவருடைய பிரிவையே இழுத்து மூடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

"இது கனமான துளை. கனத்துக்கு வால் சின்னதாத்தான் இருக்கும்."

"போன வாரம் பெரிசா இருக்கும்னீங்க."

"அது போன வாரம்."

விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வால் வரவில்லை. இரைச்சலை வடிகட்டும் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கினார்கள். வந்தது. ஒன்றல்ல, நாலைந்து. அதில் ஒன்று மோதலுக்கு முன்பே வந்து நின்றது.

"முன்னாடி இருக்கிறது வால் இல்ல சார், மூக்கு."

"வெட்டுங்க. நமக்கு ஒண்ணு போதும்."

இந்தக் கைத்திறனோடு சந்தையில் தக்காளிக் கடை போட்டிருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வாளர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, கருவிப் பிரிவு எப்போதாவது ஒரு பொய் அலையைத் தயாரித்து உள்ளே நுழைத்துவிடும். ஆய்வாளர் தன் முடிவை அறிவிக்கும்வரை, அது பொய் என்று கருவிப் பிரிவில் யாரும் மூச்சு விடக் கூடாது. அந்தப் பிரிவின் தலைமைப் பொறியாளர், வாத்தியாரின் மனைவி.

"அறிவிப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்," என்றாள் சாப்பாட்டு மேஜையில்.

"ஏன், உன் பொய் அலையா?"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது."

"புருஷன் பேர் வாங்கினா உனக்குக் கசக்குது."

"தட்டை நகர்த்துங்க," என்றாள்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. வாத்தியார் திரையில் வாலைக் காட்டினார். பழைய விதிக்கு இரங்கல் உரை மாதிரி ஒன்று வாசித்தார். கைதட்டல் அடங்கியதும் இயக்குநர் கருவிப் பிரிவின் பக்கம் திரும்பினார்.

மனைவி எழுந்தாள். "அது நாங்க போட்ட பொய் அலை சார்."

அரங்கம் சிரித்தது. வாத்தியார் அசரவில்லை. தோற்ற பேரத்திலும் ஒரு கொசுறு கேட்கிற ஆள் அவர்.

"பொய்யாவே இருக்கட்டும். வால் இருக்கா இல்லையா? அப்போ என் விதியை வெச்சுத்தானே அதைச் செஞ்சிருக்கே?"

"பழைய விதியை வெச்சுத்தாங்க செஞ்சேன். முதல்ல உங்க விதியை வெச்சுத்தான் ஆரம்பிச்சேன், நான் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அது மூணு தடவை மாறிடுச்சு."