மாப்பிள்ளையை நானே விசாரிக்கப் போனேன்

என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்கள் எல்லாம் ஒரே ஒரு ஆணுக்காகத்தான். அவருக்கு வீடு கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. மாதம் ஒருமுறை மட்டமான தாளில் அச்சாகி வந்துகொண்டிருந்தார். பெயர் துப்பறியும் தில்லைராஜ். ஏழாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து அவரைப் படிக்க ஆரம்பித்தேன். (கணக்கு அன்று போனதுதான், திரும்பி வரவே இல்லை.) தில்லைராஜால் ஓர் இடத்தில் உட்கார முடியாது, நடந்துகொண்டேதான் யோசிப்பார். என்னாலும் முடியாது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தட்டோடு நடப்பேன். "ஏட்டி, ஒரு எடத்துல இருந்து தின்னு" என்று அம்மா கத்துவாள். துப்பறியும் மூளைக்கு இதுதான் அடையாளம் என்று நான் மனதார நம்பினேன்.

இருபத்து நான்கு வயதில் வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் திருவேங்கடத்தில் சொந்த உரக்கடை. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. போன வருஷம் அவருக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. ஏன் என்று கேட்டால் "ஜாதகக் கோளாறு" என்றார் தரகர். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி நேரத்தில் ஒரு மாமாவை விசாரிக்க அனுப்புவார்கள். எங்கள் மாமாவும் போனார். கடைக்கு எதிரே ஒரு டீ குடித்தார், பஸ் ஸ்டாண்டில் இன்னொரு டீ குடித்தார், "தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டார். எனக்கோ அது போதவில்லை. வாழப்போவது நான் அல்லவா? காரணம் தெரியாமல் எப்படித் தலையாட்டுவது? இரண்டு நாள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். மூன்றாம் நாள், பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருவேங்கடம் பஸ்ஸில் ஏறினேன்.

மாறுவேடம் பிரமாதம். கண் மட்டும் தெரிய முகத்தில் துப்பட்டா, கையில் கோணிப்பை. (ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் கட்டுகிற கட்டுதான். ஸ்கூட்டி இல்லாமல் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நான் ஒருத்திதான்.) நான் இளையரசனேந்தல் விவசாயி மகள். கதை அவ்வளவுதான்.

கடையில் போட்டோவில் பார்த்த அதே ஆள் நின்றார். பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா வேணும்?" என்றார் மாப்பிள்ளை.

"உரம்."

"என்ன பயிருக்கு?"

பஸ்ஸில் இதைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். "நெல்லுக்கு. நாலு ஏக்கர்" என்றேன்.

பெரியவர் நிமிர்ந்தார். "மழையப் பாத்து உளுந்து வெதைக்கிற கரிசக்காட்டுல நெல்லா? தாயி, எந்த ஊரு நீ?"

"இளையரசனேந்தல்."

"நானும் அங்கனதான! யாரு மக?"

தில்லைராஜ் இந்த மாதிரி மாட்டும்போதெல்லாம் அத்தியாயம் முடிந்துவிடும். என் அத்தியாயம் முடியவில்லை. பூச்சிமருந்து நெடியில் தும்மல் வந்தது, ஒன்பது தும்மல். துப்பட்டாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்தேன். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு என்னையே பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. (குற்ற உணர்ச்சி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.)

"பெரியப்பா, உங்க பருத்தி வெத குடோன்ல இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்று பெரியவரை உள்ளே அனுப்பினார்.

ஆள் தனியாக மாட்டிவிட்டார்! பாய்ந்துவிட்டேன். "உங்களுக்குக் கல்யாணம் நின்னுபோச்சாமே? ஏன்?" (உரம் வாங்க வந்தவள் கேட்கிற கேள்வி.)

அவர் கோபப்படவில்லை. "அந்தப் பிள்ளைக்கு விருப்பமில்ல. வீட்டுல சொல்லப் பயந்து எனக்கு போன் பண்ணி அழுதுச்சு. அதான் எனக்குப் பிடிக்கலன்னு நானே சொல்லி நிறுத்திட்டேன். பழி எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

வாசலைப் பார்த்து நடந்தேன். "உரம் வேண்டாமா?" என்றார். "பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கோணிப்பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அந்த விவசாயி மகளும் இந்த மணப்பெண்ணும் ஒரே முகத்தோடு இருப்பார்களே என்பது எனக்கு அன்று காலையில்தான் உறைத்தது. இந்த மனிதர் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவர் வாயைத் திறந்தால் போச்சு. காப்பித் தட்டை அவர் முகத்தைப் பார்க்காமலே நீட்டினேன்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் தனியா ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார் மாமா.

"பேசியாச்சு" என்றார் மாப்பிள்ளை.

"எப்பம்?" என்று அப்பா எழுந்தே விட்டார்.

"செவ்வாக்கிழம. நாலு ஏக்கர் நெல்லுக்கு உரம் கேட்டு வந்தாங்க."

மாமாவுக்குக் காப்பி புரையேறியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நெல் என்ன, கரிசல் மண்ணே கருகியிருக்கும். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். அந்தச் சந்தடியில் எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

"என்னய எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"உங்க போட்டோ ஒரு வாரமா என் போன்ல இருக்கே."

அவர் போட்டோ எனக்கு வந்தால், என் போட்டோ அவருக்குப் போயிருக்காதா? பன்னிரண்டு வருஷம் தில்லைராஜைப் படித்த மூளைக்கு இது தோன்றவில்லை.

"தெரிஞ்சும் ஏன் உண்மையச் சொன்னீங்க?"

"விசாரிக்க வந்தவங்க எல்லாம் எதுத்த கடையில கேட்டுட்டுப் போயிட்டாங்க. எங்கிட்டயே வந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

எட்டு வருஷமாக அந்த உரக்கடைக் கல்லாவில் நான்தான் இருக்கிறேன். தில்லைராஜ் வருவது நின்றுவிட்டது. பழைய புத்தகங்களை மேசைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன். போன மாதம் முகம் மூடிய ஒரு குருவிகுளத்துப் பெண் வந்து யூரியா கேட்டாள். பார்வை சரியில்லை, அங்கும் இங்கும் பார்த்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உட்காரவைத்து, ஊர், பயிர், அப்பா பெயர் என்று கால்மணி நேரம் குடைந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டேன்: "பயப்படாமச் சொல்லும்மா, பையன் யாரு?"

"எம் பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கான். யூரியா இருக்கா இல்லியாக்கா?" என்றாள்.

எதிர்த்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, என் கணவர் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.