அறபியின் டைப்ரைட்டர்

கல்முனைக்குடி
12.03.1983

அன்பின் மச்சான் றஸாக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் ராத்தாவாகிய என் மனைவி மைமூனாவும் சுகம். குவைத் வெயில் உங்களை வாட்டாமலிருக்க இருவரும் துஆச் செய்கிறோம். அதைவிடப் பெரிய வாட்டத்தை இந்தக் கடிதத்தில் நானே அனுப்புகிறேனே என்பதுதான் கவலை.

அங்கிருந்து லீவில் வந்த முகம்மது தம்பி உங்கள் பார்சலைத் தந்துவிட்டுப் போனார். மௌத்தான தன் வாப்பா பாவித்த போர்ட்டபிள் டைப்ரைட்டரை உங்கள் அறபி முதலாளி தந்திருக்கிறார், தாளைத் தாங்கி நகரும் வண்டி சரியாக ஓடவில்லை, எங்கள் மச்சான் திருத்தித் தருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என நீங்கள் எழுதியிருந்ததை வாசித்து எனக்கு நெஞ்சு விம்மிப் போயிற்று, ஏனென்றால் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் வேலையில் ஓய்வுபெற்றது முதல் தோட்டத்துத் துரை விட்டுப்போன எரிக்கா, திருகோணமலையில் வாங்கிய ஒலிவெட்டி என்று பழைய போர்ட்டபிள்களாகத் தேடிச் சேர்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, துருப்போக்கி, அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் என்னை இந்த ஊரில் ஒருவரும் மெக்கானிக் என்று சொன்னதில்லை, உங்கள் ராத்தா சொல்லும் பெயரைக் கடிதத்தில் எழுத முடியாது. பெட்டியைத் திறந்தால் அறபு எழுத்து. அறபியின் மெசின் அறபிலதானே இருக்கும் என்று தட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான் மச்சான், எழுத எழுத இடப்பக்கம் போக வேண்டிய வண்டி வலப்பக்கம் ஓடியது. நோய் பிடிபட்டுவிட்டது. சுருள்வில்லைக் கழற்றி மறுபக்கம் பூட்டினேன், பல்லுச் சட்டத்தைத் திருப்பிப் போட்டேன், பொருந்தாத பல்லையெல்லாம் அரத்தால் ராவினேன், கடைசியில் வண்டி வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடிய சந்தோஷத்தில் உங்கள் ராத்தாவின் பேரை அடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதென்ன, என்ட பேரு வால்ல இருந்து தொடங்குது?"

"வடிவா வாசிச்சுப் பாரு புள்ள."

"அறபு வலப்பக்கத்தால வாற எழுத்துத்தானே? ஓதத் தெரிஞ்ச மனிசன்தானே நீங்க?"

வலமிருந்து எழுதும் மெசினில் வண்டி வலப்பக்கம் ஓடுவதுதானே சரி! குர்ஆன் ஓதி முடித்தவனுக்கு, கையில் திருப்புளி வந்தால் அதெல்லாம் மறந்துபோகுமா மச்சான்? எல்லாவற்றையும் பழையபடி மாற்றிப் பூட்டினேன். ராவின பல்லு முளைக்குமா? இப்போது வண்டி எந்தப் பக்கமும் போகுதில்ல.

ஒரு மனிதர் தன் வாப்பாவின் ஞாபகமாக வைத்திருந்த பொருள். அவருடைய முகத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தால் சோறு இறங்குதில்ல. குற்றம் முழுக்க என்னுடையது, றஸாக்கில் ஒரு பிழையும் இல்லை என்று இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏசினால் அந்த ஏச்செல்லாம் எனக்கென்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் முதலாளிக்கு நிறையப் பொறுமையையும் தருவானாக. வஸ்ஸலாம்.

வெட்கத்தோடு,
மச்சான் சரீப்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் முகம்மது தம்பி இன்னொரு பெட்டியோடு வந்தார். "சரீப் காக்கா, பார்சல் மாறிப் போச்சு. உங்கட மச்சான்ட முதலாளிட மெசின் இதுதான், இங்கிலீசு. அண்டைக்குத் தந்தது எங்கட மத்ரஸாவுக்கு நான் வாங்கிக் கொண்டந்தது, ஒரு குறையும் இல்லாத சாமான்" என்கிறார். ஆகவே நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை, மேலே உள்ளதை அறபிக்கு வாசிக்கவும் வேண்டாம். முகம்மது தம்பி எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். தன் மெசினைக் கேட்கிறார். உங்கள் ராத்தா அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றப் போயிருக்கிறாள்.