உழவு மாட்டுக்கு ஒரு பால் அதிகாரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் காரைக்கால் ஆபீஸ்களில் பிரெஞ்சுக்காரர் நாற்காலிகள் அப்படியே இருந்தன, உட்கார்ந்தவர்கள்தான் புதுசு. கால்நடை முன்னேற்ற அதிகாரி சோமசேகரன் அப்படி உட்கார்ந்தவர். அவர் அச்சடித்த படிவத்தில் எல்லா மாட்டுக்கும் ஒரே கேள்வி: "தினசரிப் பால் எவ்வளவு?" வரிச்சிக்குடி உத்திராபதி தன் உழவு மாட்டுக்கு "இல்லை" என்று உண்மையை எழுதித் தொலைத்தார். மூன்றாம் நாள் மாட்டை ஆபீஸுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். காரணம், "கடமை தவறியமை."

அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி உழுவார்? ஆபீஸுக்கு ஓடினார்.

"ஐயா, அது காயடிச்ச மாடுங்க."

"அது உம்ம அபிப்பிராயம். நிபுணரைக் கேட்போம்" என்றார் சோமசேகரன்.

மாட்டு டாக்டர் அலாவுதீன் நிறையப் படித்தவர், அதுதான் வினையாயிற்று. "தாய்ப்பசு குடுத்த பால் பாடம் இந்த மாட்டோட ஒவ்வொரு உயிரணுவிலயும் இருக்குங்க. குளம்புல கூட இருக்கு. ஆனா எந்த அணுவும் எல்லாப் பக்கத்தையும் படிக்காது. இந்தப் பக்கத்தைத் திறன்னு உள்ளாற ஏதோ ஒண்ணு வந்து உட்காரணும். கன்னு போட்ட பசுவோட மடியில அது வருது. இதுக்கு வராது."

சோமசேகரன் நிமிர்ந்தார். "பாடம் இருக்கு, திறக்க ஆள் இல்லை. அதாவது, பதவி காலி!"

"அணுவுக்கு உள்ளாறங்க..."

"உள்ளே இடமில்லைன்னா பக்கத்துல உட்காரட்டும்."

அன்றைக்கே குமாஸ்தா நீலமேகம் "பால்பக்கத் திறப்பு அதிகாரி"யாக, மேற்படி மாட்டின் அருகே நாற்காலி போட்டு அமர்த்தப்பட்டார். காலையும் மாலையும் மாட்டின் காதில் உத்தரவை வாசித்தார். மாடு சாணி போட்டது. அது "ஆரம்பகட்ட முன்னேற்றம்" என்று பதிவாயிற்று.

பத்து நாளில் ஊரே உழுது முடித்தது. உத்திராபதி வயலில் கோரைதான் முளைத்தது. பாவம், அவர் பொய் சொல்லிப் பழகாதவர். மனைவி பெரியநாயகிதான் வீட்டுப் பசுவைக் கறந்து செம்பை நீட்டினாள்.

"உழவு மாடு கறந்துச்சுன்னு குடுத்துட்டு, ஓட்டிக்கிட்டு வாங்க."

நீலமேகம் அப்படியே பதிந்துகொண்டார். அவருக்கும் பதவி நிலைக்க வேண்டுமே. சோமசேகரன் அந்தப் பாலில் காப்பி குடித்தார், கண் கலங்கினார், விடுதலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

உத்திராபதி மாட்டை அவிழ்த்தார்.

"எங்கே ஓட்டுறீர்?" என்றார் சோமசேகரன்.

"உழவுக்குங்க."

"விதி தெரியாதா? கறவை மாட்டை ஏரில் பூட்டக் கூடாது."

உத்திராபதிக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப நான் எதை வச்சுங்க உழுவேன்?"

சோமசேகரன் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"வீட்டில் பசு இருக்குமே? அதுக்கும் அப்பன் காளைதானே, உழவுப் பாடம் உள்ளே இருக்கும். நீலமேகம், நாற்காலியைத் தூக்கும்!"