ஏலூர் மாப்பிள்ளை பட்டதாரியான விதம்

மட்டாஞ்சேரி,
ஆகஸ்ட் 1961

பாலக்காட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் மஜீத் அவர்களுக்கு, தங்கள் தங்கை பத்ருன்னிசாவின் புருஷன் அமீருதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் மண்டையைத் தவிர. அங்கே மச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

எங்கள் மகள் ஹாஜராவை எறணாகுளம் காலேஜில் சேர்க்கச் சொன்னது நீங்கள். அங்கே தர்க்கம் என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். ஒருவர் சொல்லும் காரணத்திலிருந்து அவர் சொல்லும் முடிவு வருகிறதா என்று பார்ப்பதாம். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ஜாபர் சாதிக் என்ற பையனுக்கு அவளைப் பெண் கேட்டு அவனுடைய மாமா வந்தார். நெய்ச்சோறு நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். "ஏலூர் கம்பெனியில ஜோலி. அவ்விட உள்ளவங்க எல்லாரும் பட்டதாரி. அப்ப நம்ம பையனும் பட்டதாரிதானே" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜரா, "கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் சேட்டனும் அங்கதானே ஜோலி பாக்குறாரு. அவரும் பட்டதாரியா?" என்றாள். மாமா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்ருன்னிசா அழுததில் எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள் மிளகுக் கடையை அடைத்துவிட்டு, போட்டில் எறணாகுளம் போய், பஸ் பிடித்து இடப்பள்ளி வழியாக ஏலூருக்கே போனேன். வாட்ச்மேன் நாலாம் கிளாஸ் என்று அவரே சொன்னார். ஆனால் பையன் அசல் பி.எஸ்ஸி. சந்தோஷமாகத் திரும்பி வந்து, "மோளே, பையன் பட்டதாரிதான். அப்ப மாமா சொன்னதுதான் சரி" என்றேன். "முடிவு சரி வாப்பா. அவரு காரணத்தையும் முடிவையும் கோத்த விதமும் சரி. எல்லாரும்னு சொன்னதுதான் பொய்" என்றாள். ஒரே பேச்சில் சரியும் பொய்யும் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "மட்டாஞ்சேரிக்காரங்க எல்லாரும் மிளகு யாவாரி, அதனால வாப்பாவும் மிளகு யாவாரின்னு ஒருத்தர் சொன்னா?" என்றாள். நான் மிளகு வியாபாரிதானே என்றேன். "அதேதான்" என்றாள். எது அதேதான் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இப்போது கடையிலும் இதே நிலைமை. மழை கூடுதல், அதனால் விலை ஏறும் என்று நேற்று ஒருவர் சொன்னார். அந்த 'அதனால்' சரிதானா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். ஆகையால் மச்சான், நீங்கள் உடனே வந்து மாமாவைச் சமாதானப்படுத்தி, ஹாஜராவின் காலேஜையும் நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் தெளிந்த புத்தியைத் தருவானாக, எனக்கு முதலில். மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
அமீருதீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜாபர் சாதிக்கே கடைக்கு வந்தான். "மாமா சொன்னது தப்புதான். கம்பெனியில பாதிப் பேரு பட்டதாரி இல்ல. அதைக் கேட்ட பெண்ணுதான் எனக்கு வேணும், காலேஜுக்கும் போகட்டும்" என்றான். ஆகவே சமாதானம் பேச வர வேண்டாம், நிக்காஹ் பேச வாருங்கள். காலேஜும் நடக்கட்டும். பையனை வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஹாஜரா ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுச் சம்மதம் என்றாள். என்ன காரணம் என்று கேட்டேன்.

"எல்லாத்துக்குமா வாப்பா காரணம் கேப்பாங்க" என்கிறாள்.